ஆள் உள்ளே இருக்கு

குற்றாலம்
6.5.2025

மாப்பிள்ளை சுஹைபுக்கு அகமது கபீர் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் இறைவன் கருணையால் நலம். நீயும் தங்கச்சி நஸீபாவும் நலமா? தம்மாமில் வெயில் ஏறியிருக்கும். மதியத்தில் வெளியே நின்று வேலை பார்க்காதே.

நடந்தது இதுதான். லாட்ஜ் கம்ப்யூட்டர் சர்வர் காலையில் எழுகிறது, ஆனால் புதிதாக வாங்கிய ஐந்து ப்ளகினில் ஒன்றுகூட ஏறவில்லை. எட்டு நாளாக இப்படித்தான். சர்வர் என்பது கடை, ப்ளகின் என்பது அதற்குள் நிறுத்தும் வேலையாட்கள் என்று முஃபீத் எனக்குப் புரியவைத்திருந்தான். கடை திறக்கிறது, வேலையாட்கள் வாசலிலேயே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள். முதலில் ஏற வேண்டியது வருகைப் பதிவு. அது ஏறாததால் பின்னால் நிற்கிற ரூம் புக்கிங், பில் எல்லாம் திரும்பிப் போய்விடுகின்றன. திரையில் தமிழில் ஒரு வரி வருகிறது:

“ஆள் உள்ள இருக்கு. வெளிய வராம கழத்த முடியாது.”

மார்ச் மாதம் ரிசப்ஷனுக்குச் சேர்த்த கிங்ஸ்லி சுரண்டைக்காரன், கெட்டிக்காரன். அவனுக்கே பிடிபடவில்லை. விற்ற கம்பெனிக்காரன், “உங்க பழைய ப்ளகின் இடத்த விட மாட்டேங்குது, எழுதினவரக் கேளுங்க” என்று கையை விரித்துவிட்டான். எழுதினவன் உன் தம்பி முஃபீத். அவன் அக்டோபர் வெள்ளத்தில் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. அவனுக்கு அடுத்து அந்தச் சர்வரை அறிந்தவன் நீ ஒருவன்தான்.

இன்னும் மூன்று வாரத்தில் சாரல் இறங்கிவிடும். இருபத்திரண்டு அறையையும் சீசனில் நோட்டில் எழுதி ஓட்ட முடியாது. நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் இருப்பதும் நல்லதுதான், பேச்சு மாறாது.

உன் மச்சான்
கபீர்

*

தம்மாம்
9.5.2025

மரியாதைக்குரிய மச்சானுக்கு, உங்கள் ஸலாமுக்குப் பதில் ஸலாம். நாங்கள் நலம். நஸீபாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. பிளாண்ட்டுக்குள் போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். அதனால் பேச முடிவதில்லை.

அந்த வரி முஃபீத் எழுதியது. நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் தமிழில் போட்டான். அந்தப் பழைய வருகைப் பதிவு ப்ளகினில் ஒரு வழக்கம் வைத்திருந்தான். யாராவது விரல் வைத்து உள்ளே வந்து, வெளியே போகும்போது வைக்காமல் இருந்தால், அந்த ப்ளகினை யாரும் கழற்ற முடியாது. ஆளுடைய சம்பளக் கணக்கு நடுவில் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக. பழையது கழலாததால் புதியது ஏறவில்லை. அவ்வளவுதான்.

யார் வெளியே விரல் வைக்கவில்லை என்று கிங்ஸ்லியைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: இரவில் ஆபீஸ் மெயின் சுவிட்சை அணைக்கிறீர்களா? சர்வரைக் கடை விளக்குப் போல அணைக்கக் கூடாது என்று அவன் உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

தம்பி மனைவி அஃப்ரினையும் பிள்ளையையும் பார்த்தீர்களா?

சுஹைப்

*

குற்றாலம்
13.5.2025

மாப்பிள்ளைக்கு ஸலாம். நலம், நலமறிய ஆவல். நஸீபாவைச் சுமை தூக்க விடாதே. அஃப்ரின் ஆய்க்குடி ரோட்டில் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் அரிசி அனுப்பினேன். நேரில் போகவில்லை.

ஆமாம், மெயினை அணைக்கிறோம். ஆள் இல்லாத அறைக்குக் கரண்ட் எதற்கு? ஐந்தருவிப் பாதையில் தோளில் துண்டு போட்டு விற்ற நாளிலிருந்து எனக்கு இருக்கிற பழக்கம். இதில் மட்டும் என்னை மாற்ற முடியாது.

கிங்ஸ்லியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அவன் என்னை நேராகப் பார்க்கவில்லை.

“ஒரே ஒரு ஆளுதான் பாய் அவுட் வைக்கல.”

“யாருலே? தோட்டக்காரனா?”

“நம்பர் ஒண்ணு. முஃபீத்னு காட்டுது.”

“அது பழசா இருக்கும். வெள்ளத்துக்கு முந்தினது.”

“இல்ல பாய். இன்னைக்கு தேதி போட்டிருக்கு. காலைல ஆறு பன்னெண்டுக்கு வந்திருக்காரு. நேத்தும் ஆறு பன்னெண்டு. முந்தாநாளும் அதேதான். நான் மெயின் சுவிட்ச போடுததே ஏழு மணிக்கு.”

கடவுச்சொல் தப்பு, தேதி தப்பு என்று மெஷினில் ஆயிரம் தப்பு வரும். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. அந்த வரியை அழிக்க ஒரு வழி சொல், போதும்.

கபீர்

*

தம்மாம்
15.5.2025

மச்சானுக்கு ஸலாம். எல்லோரும் சுகம்தானே?

கிங்ஸ்லியிடம் படித்துக் காட்டுங்கள், அவன் மனம் ஆறும். விரல் வைக்கும் கருவிக்குத் தனி பேட்டரி உண்டு. சர்வர் அணைந்திருந்தாலும் அது விரலை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும், சர்வர் எழுந்ததும் கொடுக்கும். சர்வர் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளத்தன்று சர்வரைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனதால் அவன் கடைசியாக வைத்த விரலுக்குப் பதில் போகவில்லை. அதைத்தான் தினமும் கொடுக்கிறது. நேரம் பழையது. தேதியை மட்டும் சர்வர் அன்றன்றைக்குப் போட்டுக்கொள்கிறது.

இங்கிருந்தே நெட் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து அந்தப் பதிவை அழித்துவிட்டேன். நாளை வராது.

ஒன்று கேட்க வேண்டும். அப்படியானால் ஆறு பன்னிரண்டு என்பது அக்டோபர் இருபத்தேழாம் தேதி காலை. அன்று ஐந்தே முக்காலுக்கே அவன் விருந்தாளிகளை எழுப்பக் கிளம்பிவிட்டான், ஆபீஸ் பக்கமே திரும்பவில்லை, படிக்கட்டில் தண்ணீர் இழுத்துவிட்டது என்று சொன்னீர்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை, வந்து பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் உம்மாவிடம் சொன்னேன்.

ஆறு பன்னிரண்டுக்கு அவன் ஆபீஸ் அறை வாசலில் எதற்கு நின்றான்?

சுஹைப்

*

தென்காசி
24.5.2025

மாப்பிள்ளைக்கு அன்பான ஸலாம். நாங்கள் நலம். கீழப்பாவூர் அகமது மீரான் வெள்ளிக்கிழமை தம்மாம் கிளம்புகிறான். நஸீபாவுக்கு முறுக்கும் அதிரசமும், உனக்கு இரண்டு குற்றாலத் துண்டும் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

நீ அழித்த மறுநாள் பதிவு வரவில்லை. கிங்ஸ்லி மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மாதாவிடம் வேண்டியிருந்தானாம், அதனால் என்றான். நானும் நிம்மதியாக ஐந்து ப்ளகினையும் மறுபடி ஏற்றச் சொன்னேன். ரூம் புக்கிங்கும் வேலை செய்தது. சனிக்கிழமை காலை சர்வர் எழுந்தபோது ஐந்தும் வெளியே நின்றன. திரையில் அதே வரி. ஆறு பன்னிரண்டு, முஃபீத், உள்ளே.

அதனால் நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கருவியைச் சுவரிலிருந்து கழற்றினேன். பேட்டரியை உருவிப் போட்டேன். என் தென்காசிக் கடையில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். இது நடந்தது முந்தாநாள் சாயங்காலம்.

நேற்று வரவில்லை. இன்று வந்திருக்கிறது.

சாரல் முன்கூட்டியே இறங்கிவிட்டது. மெயின் அருவியில் கூட்டம். போனில் நாலு அறை கேட்டார்கள், நோட்டில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு குடும்பத்துக்கு ஒரே அறையை எழுதிவிட்டு வாசலில் ஏச்சு வாங்கினேன். சீக்கிரம் ஒரு வழி பார்.

கபீர்

*

தம்மாம்
28.5.2025

மச்சானுக்கு ஸலாம். நலம்.

கருவி இல்லாமல் பதிவு வர வழி கிடையாது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இந்த மாதப் பதிவு முழுவதையும் கிங்ஸ்லியை அனுப்பச் சொல்லுங்கள்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

சுஹைப்

*

குற்றாலம்
10.6.2025

மாப்பிள்ளைக்கு, தங்கச்சிக்கு, எல்லோருக்கும் பெருநாள் வாழ்த்து. இங்கே தொழுகைக்கு நல்ல கூட்டம். பலகாரம் வந்து சேர்ந்ததா?

பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அனுப்பும் முன் கிங்ஸ்லி அதை அச்செடுத்து என் மேஜையில் வைத்தான். பென்சிலால் ஆறு இடத்தில் வட்டம் போட்டிருந்தான்.

“வட்டம் போட்ட நாள்ல மட்டும் அவரு வரல பாய்.”

“சர்வர் ஓடியிருக்காது.”

“ஓடியிருக்கு. நான்தான போட்டேன். மே ரெண்டு, ஒம்போது, பதினாறு, இருபத்து மூணு, முப்பது. அப்புறம் ஜூன் ஆறு. காலண்டரப் பாருங்க.”

பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை. முஃபீதுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை என்பது உனக்குத் தெரியும்.

“ஜூன் ஏழும் வரல” என்றான். “அது என்ன நாளு?”

ஹஜ்ஜுப் பெருநாள் என்றேன்.

அதற்கும் பென்சிலால் வட்டம் போட்டான். அப்புறம் கேட்டான்: “நான் ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. அவரு இன்னும் வேலையில இருக்காருன்னா, நான் யாரு எடத்துல உக்காந்திருக்கேன்?”

ஏசி அனுப்பிவிட்டேன். மறுநாளிலிருந்து ரிசப்ஷனில் அந்தப் பெரிய நாற்காலியில் அவன் உட்காருவதில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. சுஹைப், உன்னிடம் ஒரே கேள்விதான். ஒரு மெஷினுக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா?

கபீர்

*

தம்மாம்
12.6.2025

மச்சானுக்கு ஸலாம். பலகாரம் கிடைத்தது. நஸீபா நலம்.

தெரியாது. அவன் எழுதிய ப்ளகினை வரி வரியாகப் படித்தேன். அதில் லீவு நாள் என்று எதுவும் இல்லை. கிழமை என்ற சொல்லே இல்லை. பதிலுக்காகக் காத்திருக்கும் பழைய பதிவு என்றால் எல்லா நாளும் வர வேண்டும். நான் மே மாதம் எழுதிய விளக்கம் தப்பு.

இதுவரை நாலு தடவை அழித்திருக்கிறேன். ஐந்தாம் தடவை அழிக்க மாட்டேன். அவன் ஆபீஸ் வாசலில் எதற்கு நின்றான் என்று நீங்கள் எழுதும்வரை நான் இதைத் தொடப்போவதில்லை. நீங்களும் யாரையும் தொடவிட வேண்டாம்.

சுஹைப்

*

குற்றாலம்
29.7.2025

சுஹைபுக்கு கபீர் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஏழு வாரம் எழுதாததற்குச் சீசன் வேலை என்று சொல்லலாம். சொல்லப்போவதில்லை.

நேற்றுக்கு முந்தின நாள் இரவு ஆபீஸ் மெயினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். நேற்றுக் காலை தொழுகை முடித்து நேராக ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தேன். கதவை உள்ளிருந்து தாழ் போட்டேன். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, அன்று புதிதாக எழவில்லை. கருவி தென்காசியில் பூட்டிக் கிடக்கிறது. சுவரில் அது இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும்தான். வெளியே சாரல். ஓடையில் சாதாரணத் தண்ணீர்.

ஆறு பன்னிரண்டுக்குத் திரையில் வரி வந்தது. முஃபீத், உள்ளே. வேறு எதுவும் நடக்கவில்லை. கதவு அசையவில்லை, சத்தம் இல்லை. ஒருவன் வழக்கம்போல வேலைக்கு வந்து நிற்பதுபோல இருந்தது. முதலாளி என்னைப் பார்க்கட்டும் என்று நிற்கிற மாதிரி. நான் ஸலாம் சொன்னேன். சொல்லிவிட்டு ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நீ கேட்டது. அன்று ஐந்து ஐம்பதுக்குத் தென்காசி வீட்டிலிருந்து நான்தான் அவனைக் கூப்பிட்டேன்.

“மச்சான், பதினாலு பேரையும் மாடிக்கு ஏத்திட்டேன். சர்வரையும் தூக்கியாச்சு. ஆபீஸ்ல முழங்கால் தண்ணி.”

“டிஸ்க் பெட்டி?”

“அது கீழதான் கெடக்கு.”

“ஏலே, சீசன் கணக்கு பூராவும் அதுலதான இருக்கு? ரெண்டு நிமிஷ வேலை. எடுத்துட்டு ஏறிரு.”

“தண்ணி வேகமா ஏறுது மச்சான்.”

“அதான் உன்ன வேகமா போகச் சொல்லுதேன்.”

அவன் சிரித்தான். சரி என்றான். விருந்தாளிகளை எழுப்பப் போனதாக நான் சொன்னது பொய். அவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே மாடியில் பத்திரமாக இருந்தார்கள்.

விரல் எதற்கு வைத்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன். விரல் வைக்காமல் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தால் அரை நாள் சம்பளம் பிடிப்பேன். அது நான் போட்ட சட்டம். சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயமா என்று யாரும் கேட்கக் கூடாதென்று முஃபீதிடமே இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். அதனால் அந்தத் தண்ணீரிலும் வாசலில் நின்று விரல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான். ஓடைப் பக்கச் சுவர் ஆறே காலுக்கு விழுந்தது என்று மாடியில் நின்றவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சிற்றாற்றில் கிடைத்தபோது பெட்டியைத் துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தான். குளிப்பாட்ட வருகிறவர்கள் பார்க்கும் முன் நான் அவிழ்த்து எடுத்துவிட்டேன்.

இதுதான் நடந்தது. இனி நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கபீர்

*

தம்மாம்
14.8.2025

மச்சானுக்கு ஸலாம். நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை நஸீபாவிடம் படிக்கக் கொடுத்தேன். நான்கு நாள் அதைத் தன்னிடமே வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஐந்தாம் நாள், “எங்கண்ணன் எழுத்துல எழுதிட்டாரு, இனி மாத்த மாட்டாரு” என்று மட்டும் சொன்னாள்.

சர்வரை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட எனக்கு ஒரு மணி நேரம் போதும். பழைய ப்ளகின் இருந்த சுவடே இருக்காது. ஐந்தும் ஏறிவிடும். செய்யட்டுமா என்று கேட்க வேண்டியது உங்களை அல்ல.

அஃப்ரினிடம் நேரில் போங்கள். எனக்கு எழுதியதில் ஒரு வார்த்தை குறையாமல் அவளிடம் சொல்லுங்கள். அவள் சொல்வதை நான் செய்கிறேன்.

சுஹைப்

*

குற்றாலம்
26.8.2025

மாப்பிள்ளை சுஹைபுக்கும் நஸீபாவுக்கும் ஸலாம். உங்கள் உடல்நலத்துக்குத் துஆ செய்கிறேன்.

அஃப்ரின் வீட்டுக்குப் போனேன். மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பேசப் பேசக் கை நிற்கவில்லை. ஆறு பன்னிரண்டு என்று சொன்னபோதுதான் நின்றது.

“அப்போ ஆறு மணிக்கு உயிரோடதான் இருந்தாங்களா?”

ஆமாம் என்றேன்.

“ஆறு மணிக்கு நான் போன் போட்டேன், எடுக்கல. அதுக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். உங்க வேலைய பாத்துட்டு இருந்திருக்காங்க.”

பெட்டியை அவிழ்த்ததையும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. சுற்றிய பீடியை எண்ணிக் கட்டு போட்டாள். பிறகு, “நான் பாக்கணும்” என்றாள்.

மறுநாள் அதிகாலையில் காரில் அழைத்து வந்தேன். கிங்ஸ்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. திரைக்கு முன்னால் நின்றாள். ஆறு பன்னிரண்டுக்கு வரி வந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

“லீவு போடாம வாராங்களா?”

“வெள்ளிக்கிழமை மட்டும் இல்லக்கா” என்றான் கிங்ஸ்லி.

“அது எப்பவும் உள்ளதுதான்” என்றாள். என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, வேலைக்கு வாரவங்களுக்குச் சம்பளம் போடணும்லா?”

சர்வரைச் சுத்தமாகத் துடைத்துவிடச் சுஹைப் தயாராக இருக்கிறான் என்று சொன்னேன். “ஆள் உள்ள இருக்கும்போது யாரு வீட்ட இடிப்பா?” என்று கேட்டாள். அதற்கு மேல் நான் பேரம் பேசவில்லை. வாழ்நாளில் முதல் தடவை.

அங்கேயே லாட்ஜ் தாளில் எழுதினோம். சாட்சியாகக் கிங்ஸ்லி கையெழுத்துப் போட்டிருக்கிறான். நகல் உனக்கு அனுப்புகிறேன். சர்வரும் பழைய ப்ளகினும் இருக்கிறபடியே இருக்கும். யாரும் தொடக் கூடாது, மெயின் அணைக்கக் கூடாது. ரூம் புக்கிங்குக்கும் பில்லுக்கும் நான் தனியாக வேறு மெஷின் வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் கடைசியாக வாங்கிய இருபத்திரண்டாயிரம், போன நவம்பரிலிருந்து கணக்கிட்டு, மாதம் ஒன்றாம் தேதி அஃப்ரின் கையில். மய்யித்தை அடக்கிய அன்று நான் கொடுத்த மூன்று லட்சத்தை இதில் கழிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்கும் பெருநாளுக்கும் முழுச் சம்பளம். ஒருநாள் அவன் வெளியே விரல் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அன்றைக்குத் தானே வந்து தாளைக் கிழித்துக்கொள்வதாகச் சொன்னாள். அதுவரை மாதம் இருபத்திரண்டாயிரம், பிடித்தம் கிடையாது.

கபீர்